சென்னைக்குப் போன மூன்றாம் நம்பர்

சுங்கைப்பட்டாணி
3 மார்ச் 2025

அன்புள்ள நேசனுக்கு,

இன்று காலை குளித்ததும் முதல் வேலையாக, காப்பிகூடக் குடிக்காமல் ஆலையின் பின்வேலிக்குப் போய், முனியாண்டி சாமி காலடியிலிருந்து நீங்கள் கேட்ட மண்ணை எடுத்தேன். இரவு மழை பெய்திருந்ததால் ஈரமாக இருந்தது. ஜாகா வேலையில், இரவுக் காவலில், இருந்தவர் டார்ச் லைட்டை என் முகத்தில் அடித்து, எதையாவது புதைக்கிறேனா என்று மலாயில் கேட்டார். இல்லை, தோண்டுகிறேன் என்றேன். லேப்பில் வேலை பார்க்கும் பெண்மணிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து, மைலோ டின்னில் போட்டு, மெக்கானிக் காளிதாசனிடம் கொடுத்துவிட்டேன். இயந்திரம் பழுது பார்க்க அவரைச் சென்னைக்கு அனுப்புவதாக நேற்றுத்தான் ஆபிசில் சொன்னார்களாம். டின்னைத் திறந்து பார்த்தார்.

"அக்கா, ஏர்போட்ல புடிச்சா என்னா சொல்றது?"

"சாமின்னு சொல்லுங்க."

"சாமிக்கு ஏன் டிக்கெட் எடுக்கலன்னு கேப்பான்லா."

சிரித்துக்கொண்டேதான் போனார்.

ஓர் இடத்துச் சாமியை இன்னோர் இடத்தில் வைக்கவேண்டுமென்றால் பழைய கோயிலின் பிடிமண் வேண்டும். அப்படித்தான் இந்த முனியாண்டியும் சேலத்துப் பக்கமிருந்து யாரோ ஒருவரின் வேட்டி முடிச்சில் கப்பல் ஏறி இந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்தார். தோட்டம் போய்க் கையுறை ஆலை வந்த பிறகும், அவரை வேலி ஓரத்திலிருந்து நகர்த்த யாருக்கும் துணிச்சல் வரவில்லை. இப்போது நீங்கள் அவரைத் திரும்பக் கூப்பிடுகிறீர்கள். எதற்கென்று நீங்கள் சொல்லவில்லை. ஊர் நினைப்பு என்று எடுத்துக்கொண்டேன். சென்னையில் உங்களுக்கு ஊர் நினைப்பு வருகிறது என்பது, உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

ஜனவரியில் நீங்கள் கிளம்பியபோது நாம் பேசிக்கொண்டதை நான் மறக்கவில்லை. உங்களுக்கு மேலே இத்தனை பேர் இருக்க, புதிய ஆலைக்கு ஏன் உங்களைத் தலைவராக்குகிறார்கள் என்று கேட்டேன். பொறாமை என்றீர்கள். அதற்குப் பிறகு போனில் நம் மகள் ரூபினியை நடுவில் வைத்துக்கொண்டு, என்ன சமைத்தாய், என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் பேசுகிறோம். எழுதினால் ஒருவரை ஒருவர் குறுக்கே வெட்ட முடியாது என்று சொன்னவர் நீங்கள்தான். அதனால் மெயிலில் எழுதுகிறேன். பதில் எழுதுங்கள்.

நவமணி


சென்னை
19 ஏப்ரல் 2025

மணி,

தாமதத்துக்கு மன்னிப்பு. காலை ஆறுக்குக் கார் வரும், இரவு திரும்பும்போது குளிக்கத்தான் தெம்பிருக்கும். வீடு பதினான்காவது மாடி. பால்கனியில் நின்றால் கண்ணுக்கெட்டிய வரை கட்டடம். இவ்வளவு பெரிய ஊர் எப்போது தூங்கும் என்று டிரைவரைக் கேட்டேன். "சார், இது தூங்குனா நாங்க எப்படி சம்பாரிக்கிறது" என்றார்.

வந்த புதிதில் என் தமிழ் எனக்குப் பெரிய சொத்து என்று நினைத்தேன். வாயைத் திறந்தால் "சார் சிலோனா?" என்கிறார்கள். காலையில் ஒருவரிடம் பசியாறிவிட்டீர்களா என்று கேட்டேன். ஏதோ பழைய படத்து ராஜா பேசுவதைப்போல் என்னைப் பார்த்தார். அவர்கள் பாஷையையே பேசிக்கொண்டு வெளிநாட்டுக்காரனாக இருப்பது ஒரு மாதிரியான அனுபவம். ஆனால் தொழிலாளர்கள் என்னிடம் ஒட்டிக்கொண்டார்கள். மற்ற கம்பெனிகளின் வெளிநாட்டு அதிகாரிகள் மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். நான் நேராகப் பேசுகிறேன். முதலாளி டத்தோ இதைத்தான் எதிர்பார்த்தார்.

இன்னொரு விஷயம். ஆலை நடப்புக்கு இங்கேயே இருக்கும் ஒருவர் பொறுப்பாளராக இருக்கவேண்டுமாம். என் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். வாசலில் பலகை வைத்தாகிவிட்டது. ஆலைப் பொறுப்பாளர்: மு. சிவநேசன். தமிழில். பால்மரம் வெட்டினவர் பேரனுக்கு இது போதாதா, சொல்.

உன் மண் வந்து சேர்ந்தது. குளோரின் ஷெட்டுக்கு முன்னால் மேடை கட்டி வைத்தோம். நல்ல கூட்டம். இப்போது எல்லா லைனும் ஓடுகிறது.

ரூபினியின் எஸ்.பி.எம். பரீட்சை வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று கம்பெனி சொல்கிறது. இங்கே அனைத்துலகப் பள்ளி இருக்கிறது, கட்டணம் அவர்கள் பொறுப்பு. ஆகஸ்டில் வந்துவிடுங்கள். என் பாஸ்போர்ட் வெளிநாட்டுக்காரர் பதிவு வேலைக்காக ஆபிசில் இருக்கிறது, கைக்கு வந்ததும் நானே வந்து அழைத்துப்போகிறேன்.

நேசன்


சுங்கைப்பட்டாணி
25 மே 2025

அன்புள்ள நேசனுக்கு,

போன வாரம் ஆபிசில் என்னைக் கூப்பிட்டுக் கேக் வெட்டினார்கள். பிறந்தநாள் இல்லை. என் பதினெட்டு வருட உழைப்பைப் பாராட்டுகிறார்களாம். பிறகு மனிதவள அதிகாரி கதவைச் சாத்திவிட்டு, ஆகஸ்டுக்குள் வேலையை விட்டுவிட்டு உங்களோடு சேர்ந்துகொண்டால் நல்ல தொகை தருவதாகச் சொன்னார். "குடும்பம் பிரிஞ்சி இருக்கக் கூடாதுன்னு டத்தோவே சொன்னாரு" என்றார். இத்தனை வருடத்தில் டத்தோ என் பெயரைச் சரியாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

ரூபினிக்குப் போக ஆசைதான். ஆனால் நேற்று, வெள்ளைக்காரத் துரைகளுக்காகக் கூலிகளை மேய்த்த கங்காணிகள் பற்றிய வரலாற்றுப் பாடத்தை வைத்துக்கொண்டு, "அப்பாவுக்குத் தமிழ் தெரியும்னுதானே அனுப்புனாங்க, அப்ப அவரு கங்காணியாம்மா?" என்று கேட்டாள். "போய் மூஞ்சக் கழுவிட்டு வந்து படி" என்றேன். பதில் சொல்லத் தெரியாதபோது நான் அதைத்தான் சொல்கிறேன்.

இப்போது எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

வியாழக்கிழமை ஒரு கண்ணாடிக்குழாய் தேடிப் பழைய ஸ்டோருக்குப் போனேன். மூன்றாம் நம்பர் குளோரின் யூனிட் நின்ற இடம் காலியாக இருந்தது. சிமெண்டில் அதன் நான்கு கால் தடமும் துருவும் மட்டும். பக்கத்தில் பச்சைப் பெயிண்ட் டப்பாக்கள். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களா என்று ஸ்டோர்காரரைக் கேட்டேன். "கப்பலேறிப் போச்சே" என்றார், எனக்குத் தெரியாதா என்பதுபோல.

இரண்டு வருடத்துக்கு முன் அது கசிந்த அன்று ஷெட்டின் காற்றைச் சோதித்தவள் நான். நீங்களும் இருந்தீர்கள். இரண்டு நேப்பாளித் தொழிலாளர்களை வெளியே இழுத்துப்போட்டோம். அவர்களில் ஒருவரால் அதற்குப்பின் மாடிப்படி ஏற முடியவில்லை, ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். யூனிட்டின் கழுத்து வளைவில் விரிசல். ஏற்கெனவே வெல்டிங் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்று. இதை இனி ஓட்டவே கூடாது என்று நீங்களும் நானும் சேர்ந்துதான் சொன்னோம். பூட்டி வைத்தார்கள். நம் சொல்லுக்கு மரியாதை கிடைத்தது என்று அன்று நாம் மீன் தலைக் கறி சாப்பிடப் போனோம்.

அது உங்களிடம்தான் வந்திருக்கிறதா? ஓடுகிறதா? இந்த இரண்டுக்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

நவமணி


சென்னை
29 மே 2025

மணி,

நீ கேட்கும் விதத்தைப் பார்த்தால் நான் கூண்டில் நிற்பதுபோல் இருக்கிறது.

இயந்திரம் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. பெயிண்ட் மட்டும் இல்லை, வால்வுகள், குழாய்கள் எல்லாம் மாற்றியாகிவிட்டது. இங்கே இன்ஜினியர்கள் இருக்கிறார்கள். நான் இருக்கிறேன். நீ லேப்பில் உட்கார்ந்துகொண்டு எப்போதோ முகர்ந்த வாசனையை இன்னும் முகர்ந்துகொண்டிருக்கிறாய்.

ஒரு ஆலையை மண்ணிலிருந்து எழுப்புவது என்றால் என்ன என்று உனக்குத் தெரியாது. புது யூனிட்டுக்கு ஆர்டர் போட்டிருக்கிறது. வரும்வரை இருப்பதை வைத்துத்தான் ஓட்டவேண்டும். உலகத்தில் எல்லா ஆலையும் அப்படித்தான்.

கங்காணி என்று சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடமா, நீயா?

இந்த விஷயத்தைக் கம்பெனி கொடுத்த போனில் பேசாதே. மெயிலிலும் நம்பர் எல்லாம் எழுதாதே. ஆகஸ்ட் டிக்கெட் பற்றி மட்டும் பேசுவோம்.

நேசன்


சுங்கைப்பட்டாணி
6 ஜூலை 2025

நேசனுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் நான் எழுதவில்லை. நீங்களும் எழுதவில்லை. போனில் மட்டும் மழையைப் பற்றிப் பேசினோம்.

காளிதாசன் திரும்பி வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு நேற்றுத் திகாம் பத்துவில் அவர் வீட்டுக்குப் போனேன். தஞ்சோங் டாவாயில் வாங்கிய நெத்திலி கொஞ்சம் எடுத்துப்போனேன். வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டு எழுந்து வந்தவர், பேசுவதற்கு முன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவ்வளவு பெரிய உடம்பு பாதியாகியிருக்கிறது.

"சென்னை தூசிக்கா" என்றார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி, "தூசிக்கு ரத்தமும் வருமான்னு கேளுங்கக்கா" என்றார்.

தேநீர் வந்தது. முதலில் கதைதான் அடித்தார். "நான் வாயத் தொறந்தா போதும், சிலோனாங்கறான். மலேசியான்னா, எங்க, மலாய்ல பேசு பாப்போங்கறான். நான் மலாய்ல திட்டுனேன். நல்லாருக்கு சார்னு கை தட்டுறான்." சிரிக்கப்போய் இருமல் வந்தது. அடங்கும்வரை அவர் மனைவி முதுகைத் தடவிக்கொடுத்தார். அதன்பிறகு நான் கேட்காமலே சொன்னார்.

"மூனாம் நம்பர்தான்கா. பச்ச பெயிண்டு அடிச்சிட்டா எனக்கு அடையாளம் தெரியாதா? எத்தன வாட்டி அதுகூட மல்லுக்கட்டியிருக்கேன்."

"உங்க நேசன் அண்ணனுக்குத் தெரியுமா?"

"மொத நாளே சொன்னேன். தெரியும்டா, நீ வால்வ மாத்திட்டுப் பேசாம இருன்னாரு."

"என்னய மண்ணு எடுத்துக் குடுக்கச் சொன்னாரே, அது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி, சொல்லு என்பதுபோல் தலையசைத்தார்.

"ஏழுமலைன்னு ஒரு ஆளுக்கா. நான் போறதுக்கு முன்னாடி, அந்த ஷெட்டுக்குள்ள போனவரு நொர தள்ளிக் கெடந்தாராம். அதுக்கப்பறம் ஒரு ஆளும் உள்ள போகல. பொம்பளைங்கல்லாம் வெளிய உக்காந்துட்டாங்க, அந்த எடம் சரியில்ல, ஏதோ இருக்குன்னு. நான் டின்னோட போய் எறங்குனேன். அண்ணன் வேட்டி கட்டிக்கிட்டு, மண்ண வச்சி, சுருட்டு வச்சி, கெடா வெட்டி, படையல் போட்டாரு. இது கடல் தாண்டிப் போன நம்ம சாமி, நூறு வருசமா அங்க நம்ம சனத்தக் காத்துச்சி, இப்ப உங்களக் காக்க வந்திருக்குன்னு பேசுனாரு. எனக்கே கண்ணு கலங்கிருச்சி. மறுநாளு எல்லாரும் கும்பிட்டுட்டு உள்ள போயிட்டாங்க."

"நீங்க?"

"நான் மாஸ்க் போட்டுட்டுப் போனேன்."

"அவங்களுக்கு?"

"ஆர்டர் போட்டிருக்குன்னாங்க." தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "என் மாஸ்க்கும் பழசுதான்க்கா" என்றார்.

நேசன், அவர்கள் பயந்ததுதான் சரி. அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது என்று அவர்கள் சொன்னதும் சரி. விரிசல் இருக்கிறது, குளோரின் இருக்கிறது. அவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அந்தப் பயம் ஒன்றுதான். அதை நீங்கள் சாமியைக் கொண்டு எடுத்துவிட்டீர்கள். வேறு ஊர்க்காரர் எவர் போயிருந்தாலும் இதைச் செய்திருக்க முடியாது. மேலாளர்கள் எவருக்கும் இது தோன்றியே இருக்காது. அந்தத் தொழிலாளர்கள் எந்தச் சாமிக்குக் கட்டுப்படுவார்கள், எந்தச் சொல்லுக்கு உருகுவார்கள் என்று தெரிந்த ஒரே ஆள் நீங்கள். இதற்குத்தான் உங்களை அனுப்பினார்கள். ஜனவரியில் நான் கேட்ட கேள்விக்கு எனக்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது.

மண் எடுத்துக் கொடுத்தவள் நான். உங்களுக்கு ஊர் நினைப்பு என்று நம்பி, அதில் சந்தோஷப்பட்டும் கொடுத்தேன்.

ஷெட்டை மூடுங்கள். வேலை போனால் போகட்டும். நான் சம்பாதிக்கிறேன், போதும். அந்தக் கழுத்து ஒருநாள் மொத்தமாகத் திறந்துகொள்ளும். சிறுகச் சிறுகக் கசிவது அதன் கடைசிப் பழக்கம் இல்லை. உங்களுக்கும் அது தெரியும்.

நவமணி


சென்னை
20 ஜூலை 2025

மணி,

இதைப் படித்ததும் அழித்துவிடு.

காளிதாசன் சொன்னது உண்மை. ஏழுமலை விழுந்த அன்று டத்தோவுக்குப் போன் செய்தேன். யூனிட்டை நிறுத்துகிறேன் என்று நான் சொல்லும்போதே அவர் சொன்னார், "உங்க ஆளுங்க, உங்க சாமி. நீங்கதான் பேசித் தீக்கணும். அதுக்குத்தான நீங்க." அதைப் பாராட்டு என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் அப்படி எடுத்துக்கொண்டேன் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

படையல் அன்று நான் பேசியதெல்லாம் பொய் இல்லை, மணி. பேசும்போது எனக்கும் நம்பிக்கை வந்தது. அதுதான் மோசம்.

இப்போது தினமும் ஷிப்ட் மாறும்போது ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். ஒவ்வொருவராக வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, முனியாண்டியைக் கும்பிட்டு, திருநீறு இட்டுக்கொண்டு உள்ளே போகிறார்கள். பெண்கள்தான் அதிகம். அவர்கள் கும்பிடும் நேரம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன். என்னைப் பார்த்தால், சாமி கொண்டாந்த சார் என்று சொல்லி எழுந்து நிற்கிறார்கள்.

ஏழுமலையை ஊருக்கு அனுப்பிவிட்டதாக ஆபிசில் சொல்கிறார்கள். அவர் போன் எடுப்பதில்லை. எந்த ஊர் என்று கேட்டால், "நீங்க அதையெல்லாம் மனசுல போட்டுக்காதீங்க சார்" என்கிறார்கள்.

வாயு எச்சரிக்கை மணி ஓயாமல் அடித்தது. வேலை நடக்கவில்லை. ஒயரைக் கழற்றச் சொன்னவன் நான்தான்.

மூடு என்கிறாய். செப்டம்பரில் கையுறை வாங்குபவர்கள் வந்து ஆலையைப் பார்க்கிறார்கள். அவர்கள் போனதும் புது யூனிட் வந்துவிடும், சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன் மூடினால், ஏன் மூடினாய், இதுவரை ஏன் ஓட்டினாய் என்று கேள்வி வரும். எல்லாவற்றிலும் என் கையெழுத்து. டத்தோவின் கையெழுத்து ஒன்றுகூட இல்லை. பாஸ்போர்ட் இன்னும் ஆபிசில்தான். ஜனவரியிலிருந்து பதிவு செய்துகொண்டிருக்கிறார்கள்.

செப்டம்பர் வரைதான். நீ வந்துவிடு, மணி. நீ பக்கத்தில் இருந்தால் எனக்குக் கொஞ்சம் யோசிக்க வரும்.

நேசன்


சென்னை
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள நவமணிக்கு,

நலம். நீயும் ரூபினியும் நலமா?

நான் முன்பு எழுதிய சில விஷயங்கள் வேலைக் களைப்பில் எழுதியவை. அவற்றைப் பொருட்படுத்த வேண்டாம். இயந்திரங்கள் அனைத்தும் நல்ல நிலையில் உள்ளன. தொழிலாளர்கள் மகிழ்ச்சியாக உள்ளனர். கம்பெனி எல்லா உதவிகளையும் செய்கிறது.

உங்கள் இருவருக்கும் 24ஆம் தேதிக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. மனிதவள அதிகாரிக்கும் இந்த மெயிலின் நகலை அனுப்பியிருக்கிறேன். பாஸ்போர்ட் வேலை முடியாததால் நான் அங்கே வர முடியவில்லை. விமான நிலையத்துக்குக் கம்பெனி கார் வரும். டிரைவர் உன் பெயர் எழுதிய அட்டையுடன் நிற்பார். வேறு வண்டியில் வரவேண்டாம்.

உன் ராஜினாமாக் கடிதத்தைப் புறப்படுவதற்கு முன் கொடுத்துவிடவும்.

சிவநேசன்


சுங்கைப்பட்டாணி
16 ஆகஸ்ட் 2025

நேசன்,

கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் உங்களுக்கு மணிதான். கோபத்தில்கூட நவமணி என்று நீங்கள் கூப்பிட்டதில்லை. உங்களுக்குப் பக்கத்தில் யார் நின்றுகொண்டு அந்தக் கடிதத்தை எழுத வைத்தார்கள் என்று தெரியவில்லை. அல்லது யாரும் நிற்கவில்லையோ, யாரும் நிற்காமலே இப்போது உங்களுக்கு அப்படி எழுத வந்துவிட்டதோ. இரண்டில் எது நல்லது என்று நேற்று முழுக்க யோசித்தேன்.

இதை எழுதுகிறேன், ஆனால் அனுப்பப்போவதில்லை. உங்கள் மெயில் பெட்டியைத் திறப்பவர் நீங்கள் மட்டும்தானா என்று இனி எனக்குத் தெரியாது. உங்களிடம் சொல்லாமல் எதையும் செய்து பழக்கம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டேன். மனிதவள அதிகாரி கட்டிப்பிடித்துக்கொண்டார். "சென்னைல பட்டுச்சேலை மலிவாம், எனக்கு ஒண்ணு பாருங்க" என்றார். சரி என்றேன். உங்களுக்கும் சுருக்கமாக, சந்தோஷம், வருகிறோம் என்று பதில் போட்டுவிட்டேன். அதன் நகலும் அவருக்குப் போயிருக்கிறது.

ரூபினியை இன்று மெர்கோங்கில் உமாராணி வீட்டில் விட்டுவந்தேன். என் தங்கைக்கு முகத்தைப் பார்த்தே சந்தேகம். "என்னாக்கா, இப்படி இருக்க? மாமாகூட மறுபடி சண்டையா?" என்றாள். பரீட்சை வரை பிள்ளை இங்கேயே படிக்கட்டும் என்றேன். ரூபினி அழுதாள், பிறகு போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். அவள் டிக்கெட் அப்படியே இருக்கட்டும். காலியாக ஒரு இருக்கை போவது எனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

போன புதன்கிழமை காளிதாசனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். அவரால் பேச முடியவில்லை. என்னைப் பார்த்துக் கையை மட்டும் அசைத்தார், போ என்றா, வா என்றா தெரியவில்லை.

இங்கிருந்தே பெயரில்லாமல் ஒரு புகார் எழுதலாம் என்று முதலில் நினைத்தேன். எழுதியும் பார்த்தேன். அது உங்கள் மேசைக்குத்தான் விளக்கம் கேட்டு வரும். நீங்கள் நல்ல தமிழில் விளக்கம் கொடுப்பீர்கள். அதோடு முடிந்துவிடும். ஒரு மாதம் பொறுத்தால் செப்டம்பர் போய்விடும் என்றும் நினைத்தேன். புது யூனிட் வருமென்று எனக்கு நம்பிக்கை இல்லை. இங்கே வாங்கும் பிரிவில் இருப்பவர்களிடம் சாதாரணமாகப் பேசுவதுபோல் கேட்டேன். அப்படி எந்த ஆர்டரும் போடவில்லை, கேட்கவும் இல்லை என்றார்கள்.

அந்த யூனிட்டை ஓட்டக்கூடாது என்று சொன்னவர்களில் உங்களை அவர்கள் அங்கே வைத்துக்கொண்டார்கள். இப்போது என்னையும் அங்கே கூப்பிடுகிறார்கள். நாம் இருவரும் ஒரே வீட்டில், பதினான்காவது மாடியில் இருந்தால் இங்கே கேட்பதற்கு ஆள் இல்லை. நீங்கள் நிற்கும் அந்தப் பால்கனியில் நானும் நின்று கட்டடங்களைப் பார்க்கலாம். இதெல்லாம் நான் கற்பனை செய்வதாகவே இருக்கட்டும். ஆனால் அந்தப் பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவது கற்பனை இல்லை. அதை எனக்கு எழுதியவர் நீங்கள்.

ஆலைகளைச் சோதிக்கும் அரசாங்க அலுவலகம் சென்னையில் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்திருக்கிறேன். நான் போவது அங்கேதான். அந்தப் பச்சைப் பெயிண்டை எந்த இடத்தில் சுரண்டினால் வெல்டிங் தெரியும் என்று என்னால் விரல் வைத்துக் காட்ட முடியும். கசிந்த அன்று காற்றில் எவ்வளவு இருந்தது என்று என் வாயாலேயே சொல்ல முடியும். முகம் காட்டி, பெயர் சொல்லி, அவர்கள் கிளம்பி என்னோடு வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

அவர்கள் முதலில் கேட்கப்போவது ஆலைக்குப் பொறுப்பு யார் என்பதைத்தான். சொல்வேன். உங்கள் தகப்பனார் பெயரையும் சேர்த்துச் சொல்வேன். அவர்கள் முதலில் தேடி வரப்போவதும் உங்களைத்தான், டத்தோவை அல்ல. ஒருவேளை டத்தோவைத் தேடி யாரும் எப்போதுமே போகாமலும் இருக்கலாம். இதை நன்றாக யோசித்துவிட்டேன், நேசன். நீங்கள் சிறைக்குப் போவதற்குள்ள வாய்ப்பையும், அந்தக் கழுத்து திறக்கும் நாளில் நீங்கள் ஜன்னலுக்குப் பின்னால் நிற்பதற்குள்ள வாய்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதலாவதில் உங்களைப் பார்க்க வருவதற்கு எனக்கு ஒரு இடம் இருக்கும்.

இன்னும் யாருக்கும் தெரியாது. உமாராணிக்கும் ரூபினிக்கும்கூட.

24ஆம் தேதி நான் விமானம் ஏறுவேன். இறங்கியதும் என் பெயர் எழுதிய அட்டையைப் பார்ப்பேன். பார்த்துக்கொண்டே அந்த டிரைவரைத் தாண்டிப் போய்விடுவேன்.

மணி